தன் முடிபைத் தானே ஐயுறுதல்

ஒருவன் பல்லாண்டு முயன்று கண்ட முடிபொன்று, உலகத்தாரால் ஏற்கப்பட்டு அவனுக்குப் புகழும் பதவியும் தந்து நிற்குங் காலத்தில், அது பிழையாதல் கூடும் என்னும் ஐயம் அவனுள்ளத்தே தோன்றுமாயின், அவன் செய்யக்கடவது யாது? வாய் திறவாதிருத்தல் குற்றமாகுமா? பிறர் கண்டு சொல்லுங்காறும் பொறுத்திருத்தல் தகுமா? அன்றித் தான் கட்டிய வீட்டைத் தானே இடித்தல் வேண்டுமா? இவ்வினா ஆராய்ச்சியாளர்க்கு மாத்திரம் உரியதென்று ஆசிரியர்களாகிய நாம் ஒதுங்குதல் இயலாது. நாடோறும் முப்பது நாற்பது பிள்ளைகளின் முன் நின்று, "இஃது இவ்வாறு" எனத் துணிந்து சொல்லுந் தொழிலை மேற்கொண்டோம். நாம் சொல்லியவற்றுள் எத்தனை பின்னர்ப் பிழையாயின என்று கணக்கெடுத்தார் நம்முள் எவர்?

இவ்வினாவை வெறுஞ் சொல்லளவில் ஆராய்வதினும் ஒருவர் வரலாற்றில் வைத்து ஆராய்தல் பயன்தரும். மனித இனத்தின் தோற்ற வளர்ச்சியை ஆராய்வோருள், சுவீடன் தேசத்தவராகிய சுவாந்தே பேபோ என்பார் 2022ஆம் ஆண்டு மருத்துவத்துக்குரிய நோபெல் பரிசு பெற்றவர். பரிசு பெற்ற செய்தியை யாவரும் அறிவர். அவர் மாணாக்கராயிருந்த காலத்துச் செய்தியே நமக்கு வேண்டுவது.

பேபோ 1955ஆம் ஆண்டு சுடொக்கோம் நகரிலே பிறந்தவர். தாயார் எசுத்தோனியாவினின்றும் வந்த இரசாயன நூலறிஞர். பதின்மூன்று வயதளவில் தாயார் அவரை எகிப்துக்கு அழைத்துச் சென்றனர். பழைய பிணங்களும் கல்லறைகளும் அச்சிறுவன் உள்ளத்தைக் கவர்ந்தன. 1975ஆம் ஆண்டு உப்சாலாச் சர்வகலாசாலை புகுந்து எகிப்தியக் கலையைக் கற்கத் தொடங்கினார். ஆங்குக் கிடைத்ததோ கல்லறைகளைத் தோண்டும் வியப்பன்று. பழம்பாஷையின் வினைச்சொல் விகாரங்களே. இலக்கண வகுப்பிலே சலித்து வெளியேறியவர் உலகில் இவர் ஒருவரல்லர் என்பதை நாம் நன்கறிவோம். அவர் வைத்தியக் கல்விக்கு மாறி, அதன்பின் கலாநிதிப் பட்டத்துக்கென உயிர்க்கலவியற் பகுதியிற் சேர்ந்தார். அவருக்கிட்ட பொருள், அடினோ வைரசு என்னும் நுண்கிருமி உடலின் காப்பாற்றலை எங்ஙனம் ஏமாற்றுகின்றது என்பது. மனித வரலாற்றுக்கும் அதற்கும் யாதோரியைபும் இல்லை.

ஆயின் இளமையிற் கண்ட எகிப்து அவரை விட்டிலது. உயிரினங்களின் வழிமுறையைத் தாங்கும் டீ.என்.ஏ. என்னும் நுண்ணிழை, உயிர் நீங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிந்த உடலிலும் எஞ்சியிருத்தல் கூடுமோ என்பது அவர் கேட்ட வினா. அக்காலத்து இதனைக் கேட்டோர் மிகச் சிலர். கடையிலே கன்றின் ஈரல் வாங்கிவந்து, ஆய்கூடத்து அடுப்பிலே ஐம்பது பாகை வெப்பத்தில் நாட்கணக்காக உலர்த்தினார். பாடஞ்செய்த பிணத்தை ஒத்ததொன்றை உண்டாக்குவதே அவர் நோக்கம். நாற்றம் பரவியது, உடனிருந்தோர் முகஞ்சுளித்தனர். ஈரல் கறுத்து வற்றிக் கட்டையான பின்னும் அதனுள் டீ.என்.ஏ. துண்டு துண்டாய் எஞ்சியிருந்தது. அதன்மேல் நூதனசாலைகளிலிருந்து பழம்பிணங்களின் சிறு கூறுகளை வேண்டிப் பெற்றார். கிழக்குப் பேர்லினிலிருந்தும் வந்தன. இருபத்துமூன்று பிணங்களின் கூறுகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழ 2400 ஆண்டுகட்கு முன் இறந்த ஒரு குழந்தையின் தோலிலிருந்து, பெருக்கி ஆராய்தற்கேற்ற இழையைப் பிரித்தாரெனக் கொண்டார்.

இவையனைத்தும் இரவுகளிலும் வார இறுதிகளிலும் தம் மேற்பார்வையாளரறியாமற் செய்யப்பட்டன.

ஈண்டுச் சற்றே நிற்றல் வேண்டும். ஆசிரியனுக்கு மறைத்துச் செய்யுங் கல்வி கல்வியாமோ? நம் மரபிலே வளர்ந்தோர்க்கு இது முள்ளாய்க் குத்தும். இட்ட வேலையை விட்டு வேறு வேலை செய்தாரல்லர். வைரசு பற்றிய ஆராய்ச்சியையும் முடித்து, 1986ஆம் ஆண்டு அதற்கே கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆயினும் கூடத்தின் பொருள்களையும் கருவிகளையும் பயன்படுத்தினார். கேட்டால் மறுப்பர் என்றஞ்சிக் கேளாதிருந்தார். கட்டுரையை எழுதி முடித்த பின்னரே அதனை ஆசிரியரிடங் கொண்டுசென்று உள்ளதை உரைத்தார். தண்டனை யாதும் நேரவில்லை. வெற்றி கிட்டியமையாற் குற்றம் நீங்கிற்று என்று கூறுவாரோடு யாம் உடன்படோம். எனினும் குற்றம் மாணாக்கனிடத்து மாத்திரம் நின்றதோ என்பதையும் கேட்டல் வேண்டும். மாணாக்கன் தன் உண்மையான வினாவை ஆசிரியனிடம் கேட்க அஞ்சி அடுப்பங்கரையில் ஒளிந்து தேடுவானாயின், அவ்வச்சத்தை உண்டாக்கிய ஒழுங்கிலும் ஏதோ குறையுளது. யாம் இளமையிற் கற்ற மிசன் பாடசாலையிலே, உயிரியல் கற்பித்த ஆசிரியரொருவர் மனிதத் தோற்றம் பற்றிய அத்தியாயம் வந்தவுடன், "இதனை வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஏட்டைப் புரட்டிவிடுவார். வகுப்பு முழுவதும் அவ்வத்தியாயத்தை மாத்திரம் ஊன்றிப் படித்தது.

பேபோவின் கட்டுரை 1985ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் பெயர்பெற்ற பத்திரிகையிலே வெளிவந்தது. கலிபோர்னியாவிலே பேர்க்கிலிச் சர்வகலாசாலையிலிருந்த அலன் வில்சன் என்பவர், அழிந்துபட்ட குவாகா என்னும் வரிக்குதிரையினத்தின் தோலிலிருந்து அதற்கு முந்திய ஆண்டிலேயே டீ.என்.ஏ. பிரித்த கூட்டத்துக்குத் தலைவர்; மனிதர் வழிமுறையை இரத்தத்தைக் கொண்டு ஆராய்ந்த பெருமகன். அவர் பேபோவைப் பேராசிரியர் என்று விளித்து, உமது கூடத்தில் வந்து சிலகாலம் தங்கி ஆராயலாமோ என்று கடிதம் எழுதினர். கடிதம் பெற்றவரோ பட்டமும் பெறாத மாணாக்கர். தமக்குக் கூடமும் இல்லை, பதவியும் இல்லை, தாமே அங்கு வந்து பயிலலாமோ என்று மறுமொழி விடுத்து, 1987ஆம் ஆண்டு அவரிடஞ் சென்று சேர்ந்தார். நம்மூரில் இத்தகைய கடிதம் வந்திருப்பின் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்போம்.

புகழ் வந்த பின்னரே மெய்ச்சோதனை வந்தது. அக்காலத்திற்றான் டீ.என்.ஏ. இழையொன்றை கோடிக்கணக்காகப் பெருக்கும் புதிய உபாயம் கைவந்தது. ஓரிழை இருப்பினும் போதும். கருவி அதனைப் பெருக்கித் தரும். நன்மையெனத் தோன்றிய இதுவே பெருங்கேட்டுக்கும் வாயில். பழைய என்பில் எஞ்சியிருப்பது சிதைந்த சிறு துண்டுகள். அதனைத் தொட்ட தொழிலாளியின் வியர்வையிலும், நூதனசாலைக் காவலாளியின் தும்மலிலும், ஆராய்வோன் தோலினின்று உதிரும் துகளிலும் உள்ளதோ சிதையாத புத்திழை. கருவி பழையது புதியது அறியாது, வலியதையே பெருக்கும். ஆகவே 2400 ஆண்டுப் பிணத்தின் டீ.என்.ஏ. என்று காட்டப்பட்டது, அப்பிணத்தைத் தொட்ட யாரோ ஒருவரது டீ.என்.ஏ. ஆதல் கூடும். சிவஞான சித்தியாரின் அளவையியலிலே ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என வேறுபடுத்திக் கற்பிக்கும் நமக்கு இந்நிலை புதிதன்று. கயிற்றைப் பாம்பெனக் காண்பவனுக்குத் தன் காட்சி திரிந்ததென்பது அக்கணத்தில் தெரியாது. ஐயமுறுவோன் விளக்கேற்றிப் பார்ப்பான். திரிபுற்றோனோ விளக்குத் தேவையென்றே எண்ணான். திரிவினும் ஐயம் மேலானது என்பது இதனாற் பெறப்படும்.

பேபோ விளக்கேற்றினார். தமக்குப் புகழளித்த அவ்வெகிப்தியக் குழந்தையின் இழை பெரும்பாலும் பிற்காலத்து மனிதரிடமிருந்து ஒட்டிய மாசே என்று கொண்டு, அதனை வெளிப்படையாகவும் எழுதினார். அவ்வளவில் நில்லாது, மனித உடல்களை ஆராய்வதையே நெடுங்காலம் ஒதுக்கி, விலங்குகளின் என்பையும் தோலையும் ஆராயப் புகுந்தார். அழிந்துபட்ட பைவிலங்காகிய தசுமேனிய ஓநாய், குகைக்கரடி, நிலத்தில் வாழ்ந்த தேவாங்கினம் என்பன அவர் எடுத்துக்கொண்டவை. என்னை? கரடியின் என்பில் மனித இழை தோன்றுமாயின் அது மாசென்று அக்கணமே தெளியலாம். மனித என்பில் மனித இழை தோன்றின் எங்ஙனம் வேறுபடுத்துவது? பிழை செய்தால் பிழையென்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் பொருளைத் தேடி எடுத்தலே இதன் நுட்பம். மனித வரலாற்றை அறிய விழைந்த ஒருவர் அதன்பொருட்டே மனிதனை விட்டு விலகி நிற்க உடன்பட்டமை, யாம் இவ்வரலாற்றில் மிகவும் மதிக்கும் பகுதி.

அவர் இங்ஙனம் மெல்ல நடந்த காலத்திலே பிறர் பாய்ந்தோடினர். பன்னூறிலட்சம் ஆண்டு பழைய பிசினுள் அகப்பட்ட பூச்சிகளின் டீ.என்.ஏ. கண்டோமென்றனர் சிலர். 1994ஆம் ஆண்டு எட்டுக்கோடி ஆண்டு பழைய என்பிலிருந்து டைனசோர் இழையே கண்டோம் என்றனர் வேறு சிலர். பேபோவின் கூட்டத்தார் அதனை ஆராய்ந்து, அவ்விழை மனிதனுடையதே என்று அடுத்த ஆண்டு காட்டினர். தம் பிழையை முன்னர்த் தாமே ஒப்புக்கொண்டவர்க்கன்றிப் பிறர் பிழையை இங்ஙனம் எடுத்துக்காட்டும் உரிமை யார்க்கு வரும்?

யேர்மனியில் மியூனிச் நகரிலே 1990ஆம் ஆண்டு பேராசிரியரான பின், பழைய என்புகட்கென்றே தனி அறை அமைத்து, அவ்வறையுள் புத்திழை பெருக்கும் வேலை யாதும் நிகழாவாறு விதித்தார். இவ்வளவு ஆயத்தஞ் செய்த பின்னரே மனித என்புக்கு மீண்டார். 1856ஆம் ஆண்டு நியாண்டர் பள்ளத்தாக்கிலே கல்லுடைப்போர் கண்டெடுத்த அம்முதுமனிதனின் மேற்கை என்பிலிருந்து சிறு துண்டு பெறப்பட்டது. அதனை ஆராய்ந்தவர் மத்தியாசு கிறிங்சு என்னும் மாணாக்கர். இரவொன்றிலே அவர் கண்ட இழை இன்றைய மனிதர் எவரோடும் ஒவ்வாததாயிருந்தது. உடனே முரசறைந்தாரல்லர். என்பின் வேறொரு கூறு அமெரிக்காவிலே பென்சில்வேனியாவிலுள்ள மற்றொரு கூடத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கும் அதுவே வந்தபின் 1997ஆம் ஆண்டு கட்டுரை வெளிவந்தது. அவர்கள் படித்தது உயிர்க்கலத்துள் இழைமணி என்னும் பகுதிக்குரிய டீ.என்.ஏ.; அது தாயிடமிருந்து மாத்திரம் பிள்ளைக்கு வருவது. நியாண்டர்தால் மனிதரின் தாய்வழி இன்றைய மனிதரிடத்து எஞ்சவில்லை என்பதே கண்ட முடிபு. மற்றைய பரம்பரையலகுகள் அவர்களிடமிருந்து நமக்கு வந்திருத்தல் கூடாதென்று இதனால் ஒருதலையாகத் துணிதல் இயலாது என்பதையும் அக்கட்டுரையிலேயே கூறினர்.

இனி எம் குற்றத்தைச் சொல்லுதும்.

1999ஆம் ஆண்டு யாம் இளம் ஆசிரியராயிருந்தோம். போர்க்காலம், நூல்கள் எளிதில் வாரா. எங்ஙனமோ கைக்கெட்டிய சஞ்சிகையொன்றில் இச்செய்தியைப் படித்து, பெருமகிழ்ச்சியோடு வகுப்பிலே, "நியாண்டர்தால் மனிதர்க்கும் நமக்கும் யாதோரியைபும் இல்லை, அவர் வழி அடியோடு அற்றது, இது நிலைநாட்டப்பட்டது" என்று கரும்பலகையில் எழுதினோம். பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "ஐயா, தாய்வழியை மாத்திரந்தானே பார்த்தார்கள், ஒருத்திக்கு ஆண்பிள்ளைகள் மாத்திரம் பிறந்தால் அவள் தாய்வழி அவர்களோடு நின்றுவிடுமே, பேரப்பிள்ளைகள் இருந்தாலும் தெரியாதே" என்றான். நேரிய வினா. முதனூலார் தாமே இட்ட வரம்பும் அதுவே. யாமோ, "பெரிய விஞ்ஞானிகளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதோ?" என்றோம். வகுப்புச் சிரித்தது. அவன் இருந்தான். அவ்வாண்டு முழுவதும் எம் பாடத்தில் அவன் வேறொரு வினாவுங் கேட்டிலன்.

கண்டவர் ஐயத்தோடு சொல்லியதைக் கற்பிப்பவன் துணிபாக்கிச் சொல்லுகின்றான். கற்றவன் அதனைப் பரீட்சையில் நான்கு விடைகளுள் ஒன்றாக்கிக் கோடிடுகின்றான். வழியிலே உதிர்ந்துபோவது எது? அறிவின் மிக அரிய பகுதியாகிய எல்லைக்கோடே. எம்மை வஞ்சித்தது அறியாமையன்று. அறிந்தவன்போல் தோன்றும் ஆசை.

லைப்சிக் நகரிலே 1997ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மாக்சு பிளாங்கு மானிடவியற் கூடத்துக்குத் தலைவருள் ஒருவரான பேபோ, நியாண்டர்தால் மனிதரின் டீ.என்.ஏ. முழுவதையும் படிப்பதென்று 2006ஆம் ஆண்டு அறிவித்தார். அவ்வாண்டே வெளியிட்ட முதற்பகுதியில் மாசு கலந்திருத்தல் கூடுமென்று மறுவருடம் பிறர் காட்டினர். ஐயமே தொழிலாகக் கொண்டவர்க்கும் இது நேர்ந்தது. முறைகளைத் திருத்தி மீண்டும் தொடங்கினர். குரோவாசியாவிலே விண்டியாக் குகையிற் கிடைத்த மூன்று என்புகளிலிருந்து நானூறு கோடிக்கு மேற்பட்ட எழுத்துக்கள் படிக்கப்பெற்று, இன்றைய மனிதர் ஐவரது இழைகளோடு ஒப்பிடப்பட்டன. பேபோ அதற்குமுன் எக்கலப்பும் நிகழவில்லை என்றே சாய்ந்திருந்தவர். 1997ஆம் ஆண்டு முடிபும் அச்சாய்வுக்குத் துணைநின்றது. கணக்கோ மறுதலையாக வந்தது. ஆபிரிக்காவுக்குப் புறத்தேயுள்ள மக்களிடத்து நியாண்டர்தால் மனிதரின் பங்கு காணப்பட்டது. முதலில் அவர் அதனை நம்பவில்லை. வேறு வேறு முறைகளாற் கணக்கிட்டனர். ஒவ்வொன்றும் ஒரே விடை தந்தது. நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை என்று 2010ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டனர். பின்வந்த கணக்குகள் இதனை நூற்றுக்கு இரண்டளவிற் கொள்ளுகின்றன. ஆபிரிக்க மக்களிடத்தும் சிறு பங்குண்டு என்று 2020ஆம் ஆண்டு வேறொரு கூட்டத்தார் காட்டினர். சைபீரியாவிலே தெனிசோவாக் குகையிற் கண்ட ஒரு விரலென்பிலிருந்து, முன் எவரும் அறியாத மற்றொரு மனிதக் கூட்டத்தை இவர்கள் வெளிப்படுத்தியதும் 2010ஆம் ஆண்டிலேயே.

பின்வாங்கிலிருந்த மாணவன் சரியாகவே கேட்டான் என்பது அவ்வாண்டு மே மாதம் எமக்குத் தெரிந்தது.

அற்றேல், இங்ஙனம் இன்றொன்றும் நாளையொன்றும் கூறும் விஞ்ஞானத்தை நம்புவதெங்ஙனம் எனின், அவ்வினா கேட்பவர் மாறியது எது என்று நோக்கினாரல்லர். 1997ஆம் ஆண்டு கண்ட இழை இன்றும் அதுவே. அதன்மேல் எம்போல்வார் அடுக்கிய சொற்களே சரிந்தன. இனி, நம்முள் சிலர் வேறொரு பக்கஞ் சாய்வர். மனிதத் தோற்ற வளர்ச்சியெல்லாம் நம் நூல்களில் முன்னரே உளது என்று, சிவபுராணத்து வரும் பிறப்புக்களின் வரிசையை எடுத்துக்காட்டுவர். அஃது உயிர் எடுத்திளைத்த பிறப்புக்களைக் கூறுவது. உடம்பின் வழிவரலாறு அதன் பொருளன்று. அதனை இதற்குச் சான்றாக்குதல் அந்நூலுக்கும் பெருமையன்று, இவ்வாராய்ச்சிக்கும் துணையன்று. வேண்டியதைக் காண்பதில் நாமும் பிறர்க்குக் குறைந்தோமல்லோம்.

வேண்டியதைக் காண்பார்க்கு நேர்வதை அறிய விரும்புவோர் பிளிற்டவுண் மண்டையோட்டின் கதையைப் படிக்கக்கடவர். 1912ஆம் ஆண்டு இங்கிலாந்திலே வெளிப்பட்ட அது, மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்துச் சாயமூட்டி அரத்தால் அராவிச் செய்த பொய். பெரிய மூளையே முதலில் வந்ததென்றும், அது தம் தேசத்தே வந்ததென்றும் கேட்க விரும்பியவர்க்கு அது இனித்தது. நாற்பது ஆண்டு கழித்து 1953ஆம் ஆண்டிலேதான் பொய் வெளிப்பட்டது. பல்லிலே அராவிய கீறல்கள் தொடக்கமுதலே இருந்தன.

இன்னுமொரு தடை உண்டு. அது நூலாராய்ச்சி பற்றியதன்று. நம் ஆசிரியர் அறையிலே எழுவது. 2010ஆம் ஆண்டுச் செய்தியைப் படித்தபின், வகுப்பிலே எம் பழைய பிழையை எடுத்துரைக்க நினைத்து மூத்த ஆசிரியரொருவரிடம் கூறினோம். "தம்பி, பிள்ளைகளுக்கு முன்னால் பிழை விட்டேன் என்று சொல்லாதேயும், பிறகு ஒன்றையும் நம்பமாட்டார்கள். புதியதைச் சொல்லும், பழையதை ஏன் கிளறுகிறீர்?" என்றார். அன்பினாற் சொன்னார். அவர் சொல்லிலே உலகியலறிவும் உண்டு. யாமும் அதனையே விரும்பினோம் போலும். இரண்டாண்டு புதியதை மாத்திரம் சொல்லி, பழையதைக் கிளறாதிருந்தோம். அவ்விரண்டாண்டிலும் எம் மதிப்புக் குன்றவில்லை. ஆயினும் அப்பாடம் வருந்தோறும் பின்வாங்கை நோக்க எம் கண் கூசிற்று. மதிப்பைக் காத்தோம், எதனைக் கொடுத்துக் காத்தோம்?

அதற்கு மாறாகிய ஒரு காட்சியும் எம் நினைவில் உண்டு. அம்மிசன் பாடசாலையிலேயே கணிதங் கற்பித்த மற்றோராசிரியர், ஒருநாள் எம் கணக்கைப் பிழையென்று வெட்டினார். மறுநாட் காலை வகுப்புக்குள் வந்ததும் வேறெதுவும் பேசாமல், எம் ஏட்டை வாங்கித் தாம் இட்ட கோட்டை அடித்து, பக்கத்திலே "பிழை என்னுடையது" என்று எழுதித் தம் கையெழுத்தும் இட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகிய எமக்கு அன்று கணிதத்தில் நம்பிக்கை குறைந்ததா, கூடியதா? அவர் கற்பித்த தேற்றங்களுட் பல மறந்தோம். அக்கையெழுத்தின் வளைவு இன்றும் கண்முன் நிற்கின்றது.

2012ஆம் ஆண்டிலே வகுப்பில் நின்று முழுவதையும் சொன்னோம். 1999ஆம் ஆண்டு எழுதிய வாக்கியத்தைக் கரும்பலகையில் மீண்டும் எழுதி, அம்மாணவன் வினாவைச் சொல்லி, யாம் கூறிய மறுமொழியையும் ஒளியாது சொல்லி, பின் அவ்வாக்கியத்தை அழித்தோம். எவருஞ் சிரிக்கவில்லை. ஒரு சிறுமி, "அந்த அண்ணா இப்போது எங்கே?" என்று கேட்டாள். அவன் போர்க்காலத்திலேயே பலரைப்போல் நாடு நீங்கினான். எவ்வூரில் உளன் என்பது எமக்குத் தெரியாது. அதனையே சொன்னோம்.

அதன்பின் இப்பாடம் எமக்கு ஆண்டுதோறும் வளர்ந்துவருகின்றது. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவிய காலத்து, அந்நோயைக் கடுமையாக்கும் பரம்பரைக்கூறொன்று நியாண்டர்தால் மனிதர்வழி வந்ததென்று பேபோவும் செபேர்கு என்பவரும் எழுதினர். ஐரோப்பியருள் நூற்றுக்குப் பதினாறு பேரளவில் உள்ள அக்கூறு, தென்னாசிய மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் உளது என்றனர். "யாதோரியைபும் இல்லை" என்று யாம் எழுதிய முதுமனிதன், வகுப்பிலிருந்த பிள்ளைகளுட் பலரது உடம்பிலேயே இருந்திருக்கின்றான். இதனையும் சொல்லுகின்றோம், இது ஒரு கூட்டத்தார் இற்றைவரை கண்டது, எத்தனை பேரிடம் எங்ஙனம் கணக்கிட்டனர் என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றோம். அதற்காக நேரஞ் சிறிது கூடுதலாகின்றது. பாடத்திட்டத்தில் ஒரு பாடவேளை பின்தங்குகின்றோம் என்று அதிபர் குறிப்பெழுதியுள்ளார்.

பாடந் தொடங்குமுன் கரும்பலகையின் இடப்புறத்து மேன்மூலையிலே ஒரு வினாவை எழுதிவைப்பது எம் வழக்கம்: ஒருத்திக்கு ஆண்பிள்ளைகள் மாத்திரம் பிறந்தால் என்னாகும்? எழுதியவர் யாரென்று பிள்ளைகள் கேட்பர். இவ்வகுப்பிலே முன்னர்ப் படித்த ஒருவன் கேட்டது என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்குவோம்.